உளி பிடித்தவன் பெயர் எங்கே?



காட்பாடிக்கு வடகிழக்கே நிற்கிறது வள்ளிமலை. குறமகள் வள்ளி பிறந்த மலை என்கிறது புராணம். முருகன் கோயிலுக்குப் படியேறுவோர் பலர். அதே மலையின் பாறையிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கிறார்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். அவர்களைத் தேடிச் செல்வோர் சிலர். நாம் சென்றோம், கண்டோம்.

என்ன அமைதி! அணியில்லை, ஆயுதமில்லை, ஆரவாரமில்லை. அருகே இயக்கியர் உருவங்கள். மெழுகல்ல, மரமல்ல, கல்! ஓர் அடி பிசகினால் முகமே சிதைந்திருக்கும். சிதையவில்லை. அத்தனை தேர்ச்சி அந்தக் கைக்கு!

யாருடைய கை அது? கல்வெட்டைக் கேட்டோம். 9ஆம் நூற்றாண்டிலே கங்க மன்னன் இராசமல்லன் அமைத்த பள்ளி என்கிறது கன்னடக் கல்வெட்டு. அவன் தந்தை பெயர் உண்டு, பாட்டன் பெயர் உண்டு, பாட்டனைப் பெற்றவன் பெயரும் உண்டு! அச்சணந்தி, அவர் ஆசான் பாலச்சந்திரர், வாண அரசனின் குரு தேவசேனர் என்று துறவிகளின் பெயரும் உண்டு.

உளி பிடித்தவன் பெயர்? இல்லை!

துறவிகளை நாம் குறை கூறவில்லை. சீவக சிந்தாமணியைத் தமிழுக்குத் தந்த மரபு அது. கேள்வி வேறு. செய்தவனை மறந்து செய்வித்தவனைப் போற்றும் வழக்கம் மலையோடு முடிந்ததா?

ஆம்பூரிலே தைத்த காலணி கப்பலேறுகிறது. அதன்மேல் அயல்நாட்டு வணிகன் பெயர் மின்னுகிறது. தோல் பதனிட்ட தோழனின் பெயரா அது? அப்பர் தைத்த தங்கையின் பெயரா?

செருப்பிலே பெயர் வேண்டாம். செத்தவனுக்காவது பெயர் வேண்டாமா? 2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கிடந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்துப் பேர் என்ற எண் நினைவிலிருக்கிறது. பத்துப் பெயர்களையும் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஞாயிறன்று பிள்ளைகளோடு வள்ளிமலைக்குச் செல்லுங்கள். அந்தச் சிலைகளின்மேல் கிறுக்காதீர்கள். அது உங்களைப்போல் ஓர் உழைப்பாளியின் கைவேலை. திரும்பி வந்து, உங்கள் சங்கக் கட்டடத்திலே ஒரு கல் நடுங்கள். தொழிற்சாலையிலே உயிர் விட்டோர் பெயரை, வங்கத்துத் தோழன் பெயரையும் சேர்த்து, ஒன்று விடாமல் வெட்டுங்கள்.

மன்னன் பெயரை வெட்டிய அதே உளி, உழைத்தவன் பெயரையும் வெட்டும். பிடிக்கும் கை நம்முடையது!