காஞ்சியில் இரண்டு இரவுகள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். அந்த அருகாமையே காஞ்சிக்கு ஒரு குறையாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விடியற்காலையில் புறப்படுகிறோம். காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று மூன்று சந்நிதிகளையும் நடை சாத்துவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறோம். பிற்பகலில் பட்டுப்புடவைக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. அந்த ஊரில் இரவு தங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? உறவினர் வீட்டு முகூர்த்தத்துக்குப் போய்க் கல்யாண மண்டபத்தில் படுத்து எழுந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சென்ற மாசி மாதத்தில் வங்கி நண்பர்கள் நால்வர் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். நால்வரும் பணி ஓய்வு பெற்றவர்கள். காஞ்சியைத் தேர்ந்தெடுத்தவர், எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்தவர். நூறு நோட்டுகள் கொண்ட கட்டை விரலால் ஒரு தள்ளுத் தள்ளி, அதில் ஒரு கள்ள நோட்டு இருந்தால் எடுத்து வெளியே வைத்துவிடும் கண் அவருக்கு. அந்தக் கண்களில்தான் இப்போது கிளாக்கோமா. கண்ணின் உள்ளழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதுபடும் நோய் அது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகிறது, போனது திரும்புவதில்லை. எஞ்சியதைக் காப்பாற்றவே சொட்டு மருந்து. ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல நேர் எதிரே உள்ளது மட்டும் அவருக்குத் தெரிகிறது; வெளிச்சம் குறைந்தால் அதுவும் மங்கிவிடுகிறது.

‘இந்த வயதில் நீங்கள் நால்வர் மட்டும் ஏன் போக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே காரில் அழைத்துப் போகிறோமே’ என்று அவருடைய பிள்ளைகள் தடுத்தார்கள். அன்பான பிள்ளைகள், சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனால் காரில் போனால் ஓட்டுபவரின் கடிகாரப்படிதான் சுவாமி தரிசனம். ‘எனக்கு நின்று பார்க்க வேண்டும்’ என்றார் நண்பர். அந்த ஒரு சொல்லுக்காகவே நாங்கள் புறப்பட்டோம். வாசக அன்பர்களில் இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விடுதியில் தரைத்தள அறையையும், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கையும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை காமாட்சி அம்மன் சந்நிதி. வெள்ளிக்கிழமை இல்லையென்றாலும் நல்ல கூட்டம். இருபுறமும் எங்கள் தோள்களைப் பிடித்தபடி நண்பர் வந்தார். கரும்பு வில்லும் மலர்க்கணையும் ஏந்திப் பத்மாசனத்தில் வீற்றிருக்கும் அம்பிகைக்குத் தீபாராதனை காட்டினார்கள். கூட்டத்தில் நான் யாருடைய தலைக்கும் மேலாக எட்டிப் பார்க்கலாம் என்று தவித்துக்கொண்டிருந்தேன். நண்பரோ சலனமில்லாமல் நின்றார். வெளியே வந்ததும், ‘கூட்டமா? எனக்குத் தெரியவே இல்லையே. அம்பாள் முகம் மட்டும்தான் தெரிந்தது’ என்றார். நாங்கள் மூவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை வைகுண்டப் பெருமாள் கோயில். பரமேசுவர விண்ணகரம் என்று ஆழ்வார் பாசுரத்தில் இடம்பெற்ற திவ்ய தேசம். இருந்த, கிடந்த, நின்ற திருக்கோலங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். அவசர யாத்திரிகர்கள் இங்கே வருவதில்லை; வந்தாலும் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சுற்று மண்டபத்தின் சுவர் நெடுகப் பல்லவ வம்சத்தின் வரலாறு சிற்பங்களாக வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மணற்கல் என்பதால் தேய்ந்து கொண்டிருக்கிறது. நண்பரின் கை தன்னையறியாமல் சுவரை நோக்கி நீண்டது; தொடக்கூடாது என்று அவரே இழுத்துக்கொண்டார். ‘நீங்கள் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார்.

சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. ‘ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார்’ என்பேன். ‘எந்தப் பக்கம் பார்த்து? கால் மடித்தா, தொங்கவிட்டா? குடை உண்டா? பின்னால் யார்?’ என்று கேள்விகள் வரும். தணிக்கைக்கு வந்த அதிகாரியிடம் கணக்கு ஒப்பிப்பது போல் ஆயிற்று. அரியணைக்கு வாரிசு இல்லாமல் போனபோது காஞ்சியின் பெரியோர் இரணியவர்மனிடம் சென்று கேட்க, மூத்த மைந்தர்கள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘நான் போகிறேன்’ என்று முன்வந்தானாம். அவனே இரண்டாம் நந்திவர்மன்; இக்கோயிலை எடுப்பித்தவன். அந்தக் கதைப் பகுதியில் நாங்கள் அரைமணி நேரத்துக்கும் மேலாக நின்றோம். முழுக்காட்சியை நாங்கள் சொல்வோம்; வெயில் விழும் இடத்தில் அவர் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்வார். யானை ஒன்றின் மேல் இருந்த சிறு உருவத்தை எங்கள் மூவர் கண்ணும் தவறவிட்டது. அவர்தான் காட்டினார்.

அங்கிருந்து கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. திருச்சுற்றில் 58 சிறு சந்நிதிகள். சிலவற்றில் பழைய ஓவியங்களின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையைச் சுற்றிவரும் குறுகிய வழியில் தவழ்ந்து செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் வெளியே நின்று கும்பிடுவதே உசிதம். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்றளிக்குக் குறித்த நாளிலேயே, திருநின்றவூரில் பூசலார் தம் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு வந்ததால், இறைவன் மன்னனை வேறு நாள் பார்க்கச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறும். அந்தக் கற்றளி இதுவே என்பது வழிவழிவந்த நம்பிக்கை. நிழலில் அமர்ந்து நண்பர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது காசாளர் கண்ணை மூடியபடி, காலையில் பார்த்த சுவரை முதலிலிருந்து வரிசைப்படி சொன்னார். ஒன்றிரண்டு இடம்தான் விட்டுப்போயிருந்தது.

பகல் உணவும் உறக்கமும் விடுதியில். மாலையில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் தறியோசையைக் கேட்டோம். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோர்வையாய் இணைவதை அந்தப் பெரியவர் பொறுமையாக விளக்கினார். புடவை வாங்கவில்லை. யாருக்கு வாங்குவது, என்ன நிறம் என்று தொடங்கினால் நான்கு வீடுகளுக்கும் தொலைபேச வேண்டும்.

இரவு வரதராஜர் சந்நிதி. மலைபோல் உயர்ந்த அத்திகிரியின் படிகளில் மெதுவாக ஏறினோம். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிடலாம் அல்லவா? நாள் முழுவதும் எதையும் தொடாமல் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த கை அங்கே மனம்போல் தடவிப் பார்த்தது. திருக்குளத்தருகே வந்ததும் அத்தி வரதர் பேச்சு. 1979-இல் சேவித்தோம், 2019-இல் சேவித்தோம், அடுத்தது 2059. ‘அப்போது நமக்கு நூறு வயது தாண்டியிருக்கும், முதியோர் வரிசையில் விடுவார்கள்’ என்றார் ஒருவர்.

குடலை இட்லியைப் பற்றிச் சொல்லாமல் காஞ்சிக் கட்டுரை நிறைவடையாது. பெருமாளுக்கு நிவேதனமாகும் இந்த இட்லி, நம் வீட்டு இட்லியின் பாட்டனார். அரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றிப் பல மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்ததும் ஒரு முழக் கட்டையாக நிற்கும். வில்லையாக நறுக்கித் தருவார்கள். சட்னி, சாம்பார் தேடாதீர்கள். இலையின் மணமும் சுக்கின் காரமுமே அதற்குத் துணை. இப்போது ஊரிலுள்ள உணவு விடுதிகள் சிலவற்றில் கிண்ணங்களில் வேகவைத்து அதே பெயரில் பரிமாறுகிறார்கள். ருசி மோசமில்லை, ஆனால் மந்தாரை மணம் இராது. நான்கு பேரில் இருவருக்கு நீரிழிவு; ஆளுக்கு ஒரு வில்லை என்று தீர்மானித்திருந்தோம். அந்தத் தீர்மானம் ஒருமனதாகத் திருத்தப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசி நாள் காலையில் ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தின் கீழ் நிற்கும்போதே எங்கள் மூவருக்கும் ஒரு தயக்கம். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதால் இரு கண்ணும் இழந்த சுந்தரருக்கு, இடக்கண் பார்வை திரும்பிய தலம் இது. வைணவக் கோயில்களில் வாய் ஓயாமல் தலபுராணம் சொல்லிவந்த நாங்கள், இங்கே மாமரத்தைப் பற்றியும், சிவாலயத்துக்குள்ளேயே அமைந்த நிலாத்திங்கள் துண்டப் பெருமாளைப் பற்றியும் பேசி, அந்த வரலாற்றை மட்டும் தவிர்த்தோம்.

பிருதிவி லிங்கத்தின் முன் நண்பர் வெகுநேரம் நின்றார். அர்ச்சகர் தீபத்தைச் சற்று உயர்த்தியே பிடித்திருந்தார். எங்களில் யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிராகாரத்தில் வந்து அமர்ந்ததும் நண்பர் சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தார். மணி எட்டு, ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு, மூடிய இமையை விரலால் அழுத்தியபடி சிரித்தார்.

‘ஏன் சார், சுந்தரர் கதையை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பிறகு எதற்குக் காஞ்சி என்று சொன்னேன்?’

எங்களுக்குப் பதில் வரவில்லை.

‘ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று மட்டும்தான் கேட்டேன். இங்கே கொடுத்தது இடக்கண். வலக்கண் கொடுத்தது திருவாரூரில். கமலாலயத்தையும் தியாகேசரையும் நின்று பார்க்க வேண்டும். சீட்டு யார் எடுப்பது?’

ஆவணி மாதம் போகிறோம். மூன்று இரவுகள். தரைத்தள அறைக்குச் சொல்லியாகிவிட்டது.