முழவுக்கு யார் பதவி உயர்வு தருவது?

அண்மையில் ஒரு தனிப் பியானோ நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். முதலில் ஹங்கேரியின் பேலா பார்டோக் 1911இல் எழுதிய ‘அலெக்ரோ பார்பரோ’. அடுத்து நைஜீரியாவின் ஜோஷுவா உசோய்க்வே இயற்றிய ‘பேசும் முழவுகள்’. இரண்டிலும் பியானோ கொட்டாகவே மாறியிருந்தது.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் சொன்னார்: “முதல்ல வாசிச்சது இசை. ரெண்டாவது வெறும் தாளந்தானே!” நமக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை.

பார்டோக் அடித்தால் நவீனம். படைப்பின் பெயரிலேயே ‘காட்டுமிராண்டி’ என்று இருந்தாலும் அது கலை. அவரும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியானவர் பாட்டுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்தான். ஆப்பிரிக்கர் அடித்தால் மட்டும் ‘வெறும்’ தாளமா?

யொருபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தோலில் எழுப்பித்தான் அம்மக்களின் துந்துன் முழவு பேசுகிறது. அது வாக்கியம்யா, சத்தமில்லை!

நைஜீரியாவின் அகின் யூபா ‘ஆப்பிரிக்கப் பியானிசம்’ என்று பெயரிட்டதும், கானாவின் ன்கெட்டியா அதே பெயரில் 1994இல் 12 பயிற்சித் துண்டுகளை வெளியிட்டதும் இந்தத் திசையில்தான்: முழவும் மணியும் போகும் வழியில் பியானோவும் நடக்கட்டும்.

வங்கி குமாஸ்தாவான எனக்குத் தெரிந்த பதவி உயர்வு மேலே இருக்கிறவன் கொடுப்பது. முழவுக்கு அப்படி ஒன்று கிடைத்துவிட்டதென்று யாரும் கைதட்ட வேண்டாம் தோழர்களே. இங்கே பாடம் கேட்க வந்தது பியானோ. வாத்தியார் முழவு.