இரு நாடுகளின் நட்பும் ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களும்



இரு நாடுகள் நட்புறவு பூண்டுள்ளன என்ற செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவது இயல்பே. தலைவர்கள் கைகுலுக்குகின்றனர், ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, நாமும் நாளிதழை மடித்து வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கச் செல்கிறோம். ஆயின், அந்த நட்புக்கு விலை கொடுத்தவர்கள் எவரேனும் உண்டா என்று நாம் கேட்பதில்லை. இந்தியாவும் இலங்கையும் நெடுநாளைய நட்பு நாடுகள். அவற்றின் உறவு வரலாற்றில், நம் தமிழகத்து ஏழைக் குடும்பங்களைத் தொட்ட ஒரு பகுதியை இம்மாதம் சிந்திப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பியும், பின்னர் தேயிலையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வறுமையுற்ற மக்களைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். தொடக்க காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தே மலையேறினர். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். எஞ்சியோர் காட்டைத் தோட்டமாக்கினர். தலைமுறைகள் பல அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து மறைந்தன.

1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தங்கள் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். நெடுங்காலம் அங்கு வாழ்ந்தவர்கள் அந்நாட்டுக்கே உரியவர்கள் என்பது நேருவின் நிலை. அவர்கள் இந்தியாவின் பொறுப்பு என்பது இலங்கையின் வாதம். 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை.

1962இல் சீனப் போர் மூண்டது. அண்டை நாடுகளின் நல்லெண்ணம் இந்தியாவுக்கு முன்னிலும் தேவையாயிற்று. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், புதுதில்லியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும்; 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும்; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது முடிவு. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த எச்சத்தையும் எழுபத்தையாயிரம் வீதம் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர்.

நம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து எடுத்த பொம்மைகளை நூறு நூறாக எண்ணிக் கட்டுவதைக் கண்டிருக்கிறோம். பொம்மைகளை அவ்வாறு பங்கிடலாம். தாயையும் மகளையும் அவ்வாறு பங்கிடலாமா? இந்த ஒப்பந்தத்தில் அம்மக்கள் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவர்கள் விருப்பத்தைக் கேட்டபொழுது கிடைத்த விடை ஒப்பந்தக் கணக்கிற்கு நேர்மாறாக இருந்தது. இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட தொகையைவிடக் குறைவு. இலங்கைக் குடியுரிமை கேட்டோர் மிக அதிகம். பிறந்த மண்ணைப் பிரிய மனம் வருமோ? பெற்றோர் ஒரு நாட்டிற்கும், மணமுடித்த மகள் மறு நாட்டிற்கும் உரியவராகி, மலையக இரயில் நிலையங்களில் கதறிப் பிரிந்தனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தனர். பாட்டன் பிறந்த நாடு பேரனுக்கு அந்நிய நாடாகவே தோன்றிற்று.

அரசு வாளாவிருக்கவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர் ‘டேன்டீ’ நிறுவனமாயிற்று. 1969இல் ‘ரெப்கோ’ வங்கி தோன்றியது. எனினும் சிதறிய குடும்பத்தை எந்த வங்கியால் சேர்த்து வைக்க இயலும்?

ஒப்பந்தங்கள் எளியோரை நினைப்பதும் உண்டு. 1974 ஜூன் மாதத்தில் கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக ஏற்ற உடன்பாடு நமக்கு வருத்தம் தந்ததாயினும், இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே விசா இன்றி அங்குச் சென்று வரலாம் என்னும் விதி அதில் இடம்பெற்றது. புனித அந்தோனியார் ஆலயத்துக்குப் படகேறிச் செல்லும் சாமானியரை அரசுகள் நினைவுகூர்ந்தன. அத்தகைய நினைவு தோட்டத் தொழிலாளருக்கும் கிட்டியிருக்கலாகாதா?

1964 ஒப்பந்தத்திற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே, திருத்தந்தை 23ஆம் அருளப்பர் உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில், தன் நாட்டில் தங்கி வாழவும் தக்க காரணமிருப்பின் வேறு நாடு சென்று குடியேறவும் மனிதனுக்கு உரிமை உண்டு எனக் கற்பித்திருந்தார். மனித மாண்பு அரசுகள் வழங்கும் சலுகையன்று. இறைவன் அளித்த கொடை. அரசுகளின் நட்பு அதைக் காக்குமளவிற்கே நன்மையானது.

1983ஆம் ஆண்டுக் கலவரமும் அடுத்த ஆண்டில் கப்பல் போக்குவரத்து நின்றதும் மீதிப் பயணங்களைத் தடுத்துவிட்டன. இறுதியில் 2003ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறலாம் என்றது அது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்! பிரித்த நாளே உரிமை தரும் நாளாக மாற முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

ஆயினும் கதை முற்றுப்பெறவில்லை. போருக்கு அஞ்சி வந்தோருள் மலையகத் தமிழரும் உளர். முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தும் எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றோர் அவர்களுள் பலர். நம் கடலூர் மாவட்டத்திலும் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று ஒதுக்கிப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பின், அதை இன்றே விட்டொழிப்போம். அவர்தம் பிள்ளைகளின் படிப்பிற்கும், பிறப்புச் சான்று முதலிய ஆவணங்களுக்கும் நம்மால் இயன்றவாறு துணை நிற்போம். நாடுகளின் நட்பைத் தலைவர்கள் கையெழுத்திட்டுத் தொடங்கலாம். அதை நிறைவேற்றுவது அண்டை வீட்டாராகிய நம் கடமையன்றோ?