கழற்றுமுன் கேளுங்கள்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரு நிகழ்வு என் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் தெருக்களை நீரில் ஆழ்த்தியது. அது வடிந்து சில வாரங்கள் சென்றபின், ஜெனரேட்டர்களை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் என்னைக் காண வந்தார். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய பிக்கப் வண்டியே அவரது பிழைப்பின் ஆதாரம்.

"ஐயா, வண்டி ஓடும்போது கரகரவென்று அரைக்கிறது. கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். சபையின் உதவி நிதியிலிருந்து கடன் கிடைக்குமா?" என்றார்.

"சத்தம் எப்பொழுது வருகிறது என்று கேட்டார்களா?"

"இல்லை ஐயா. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை."

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எமது சபையில் உண்டு. 1961இல் நிறுவப்பட்டு, ராணுவ டாங்கிகளை உருவாக்கிவரும் தொழிற்சாலை அது. அவரிடம் அனுப்பினேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியில் ஏறி அமர்ந்தார்.

முதலில், நின்ற இடத்திலேயே எஞ்சினை வேகப்படுத்தினார். கிளட்சை அழுத்தியும் விட்டும் பார்த்தார். அரைக்கும் ஒலி இல்லை. பின்பு ஆளற்ற சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்று, கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை உருளவிட்டார். ஒலி தொடர்ந்தது, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் தணிந்தது. ஆகவே அது எஞ்சினைப் பின்தொடரவில்லை, சக்கரங்களைப் பின்தொடர்ந்தது.

"நான்கு சக்கர விசையைப் போட்டபடியே தார்ச்சாலையில் ஓட்டினீர்களா?" என்றும் கேட்டார். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத இத்தகைய வண்டிகளில், சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாடு தீர்ந்துவிடும். காய்ந்த சாலையில் தீராமல், பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பழுதே இல்லாத வண்டியும் அப்போது முனகும். சகோதரர் அவ்வாறு ஓட்டவில்லை.

அடுத்து, வண்டியை இடப்புறம் வளைத்தபோது ஒலி மிகுந்தது. வலப்புறம் வளைத்தபோது குறைந்தது. இடப்புறம் திரும்புகையில் வண்டியின் பாரம் வலச்சக்கரங்கள்மேல் சாயும். ஜாக்கி வைத்துத் தூக்கி, வலப்புறப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். உள்ளே சொரசொரப்பு தட்டுப்பட்டது. பின் அச்சின் ஆயிலை வடித்தார். பால் கலந்த தேநீர் நிறத்தில் இறங்கியது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்களோ தெளிவாய் இருந்தன.

காரணம் விளங்கியது. ஓடிச் சூடேறிய அச்சு வெள்ள நீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளிருந்த காற்று சுருங்கியிருக்கிறது. காற்றுப்போக்கியான ப்ரீதர் மண்ணால் அடைபட்டிருந்ததால், தேய்ந்த ஆயில் சீலின் வழியே நீர் உறிஞ்சப்பட்டது. நீர் கலந்த ஆயிலில் பேரிங் துருவேறி அரைபட்டது. பேரிங், சீல்கள், புதிய ஆயில், சுத்தம் செய்த ப்ரீதர் ஆகியவற்றோடு காரியம் முடிந்தது. கேட்ட கடனில் ஒரு சிறு பங்கே தேவைப்பட்டது.

பட்டறைக்காரரை மட்டும் குறைகூற நான் எழுதவில்லை. பாகத்தை மாற்றினால் கூலி தருகிறோம். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் காரணம் கண்டறிந்தவருக்கு, "ஒன்றும் செய்யவில்லையே" என்று கூலி தர மறுக்கிறோம். வெள்ளத்தில் ஓட்டியதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறோம். "மாலைக்குள் வேண்டும்" என்று அவசரப்படுத்துகிறோம். இவ்வாறு ஊகத்தை நாமே விலைக்கு வாங்குகிறோம். என் கருத்து இதுதான்: கண்டறிதலும் வேலையே, அதற்குரிய கூலியைத் தனியே, மனமுவந்து கொடுக்க வேண்டும். நோயறியாது மாற்றப்படும் புதிய கியர்பாக்ஸைவிட அந்தக் கூலி மிகவும் மலிவு.

காரியத்தை முழுதும் கேளாமல் விடை பகர்வது மதிகேடு என நீதிமொழிகள் எச்சரிக்கிறது. பட்டறைக்கும் அது பொருந்தும். வண்டியின் உரிமையாளருக்கும் பொருந்தும்.

ஆகவே, பிரியமானவர்களே, வெள்ள நீரைக் கடந்த வண்டி உங்களிடம் இருந்தால், ஒலி எழும்வரை காத்திராமல் அச்சுகளின் ஆயிலை இவ்வாரமே வடித்துப் பாருங்கள். ஒலி எழுந்துவிட்டால், எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், எப்போது முதல் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைப் பொறுமையாய் வாசித்து, உங்களோடு வண்டியில் ஏறி அமரும் மெக்கானிக்கையே நம்புங்கள்.