சொல்லப்படவில்லை

நமது வாலிபர்களும் பெண்களும் வெளிநாடு சென்று படிக்கவோ உத்தியோகம் பார்க்கவோ விரும்பினால், தங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி காட்ட வேண்டியிருக்கின்றது. அதற்கென்று நடக்கும் பரீட்சைகளில் ஐயெல்ட்ஸ் என்பது ஒன்று. 1989 முதல் நடந்து வரும் இதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பாகங்கள் உண்டு. வாசித்தல் என்ற பாகத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுந்தோம். சுயமரியாதைப் பத்திரிகைக்கு இங்கிலீஷ் பரீட்சையைப் பற்றி என்ன கவலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கவலை இருக்கின்றது. வாசிக்கவும், வாசித்ததற்குத் தானே அர்த்தம் காணவும் யாருக்கு உரிமை என்ற சண்டையை நாம் இன்று நேற்றா போடுகின்றோம்?

சென்ற மாதம் நமது படிப்பகத்திற்கு நர்சு வேலை பார்க்கும் ஒரு பெண் தம் தகப்பனாரோடு வந்தார். இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு பெற இப்பரீட்சையின் வாசித்தல் பாகத்தில் 7 எடுக்க வேண்டும். அவர் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் 6½-இல் நின்றுவிட்டார். ஒரு தடவைக்குக் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல். தாயாரின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கின்றது. பயிற்சி சொல்லித் தருகின்றோம் என்று பலகை தொங்கவிட்ட ஓரிடத்தில் மூன்று மாதம் பணம் கட்டியிருக்கின்றார். அவர்கள் சொல்லித் தந்தது என்ன தெரியுமா? "பத்தியை வாசிக்காதே, கேள்வியை மாத்திரம் வாசி, கேள்வியிலுள்ள வார்த்தை பத்தியில் எங்கே இருக்கின்றதென்று கண்ணால் தேடு, சந்தேகம் வந்தால் 'சொல்லப்படவில்லை' என்று போட்டு விடு" என்பதாம். வாசித்தல் பரீட்சைக்கு வாசிக்காமல் போவதற்குப் பயிற்சி! அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லிக் கொடுத்துத் தட்சணை வாங்கும் புரோகிதனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கின்றோம்.

பரீட்சையின் அமைப்பு இதுதான். மேல்படிப்புக்கும், நர்சு போன்ற தொழில்களுக்கும் போகிறவர்கள் எழுதும் வகையில் மூன்று நீண்ட கட்டுரைகள். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 வார்த்தைகள் வரை. கேள்விகள் 40, நேரம் 60 நிமிஷம். விடையைத் தாளில் ஏற்றுவதற்கென்று தனியாக நேரம் கிடையாது. தப்பான விடைக்கு மார்க்குக் குறைப்பதில்லை. ஆதலால் ஒன்றையும் வெறுமனே விடுவது புத்திசாலித்தனமல்ல. "இரண்டு வார்த்தைக்கு மேற்படாமல் எழுது" என்றிருக்கும் இடத்தில் மூன்று எழுதினால் சரியான விடையும் தப்பாகிவிடும். சுமார் 30 கேள்விகளுக்குச் சரியாக எழுதினால் 7 கிடைக்கலாம்.

இவற்றில் ஒரு வகைக் கேள்விதான் நம்மவர்களைக் கவிழ்க்கின்றது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, கட்டுரையின்படி இது உண்மையா, பொய்யா, அல்லது சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். அந்தப் பெண் இங்கிலீஷ் சரியாக வராததால்தான் தோற்றோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கு அதில் சந்தேகம் ஏற்பட்டது. ஆகவே தமிழிலேயே நாலு வரி எழுதி அவரிடமும், அங்கே பத்திரிகை பார்த்துக் கொண்டிருந்த தோழர்களிடமும் கொடுத்தோம்:

"1796-இல் ஜென்னர் என்ற இங்கிலாந்து வைத்தியர் மாட்டுக்கு வரும் அம்மையின் சீழை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பின்பு பெரியம்மைச் சீழைக் குத்தியும் அவனுக்கு அந்நோய் வரவில்லை. அம்மை குத்தும் வழக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. 1980-இல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது."

பிறகு மூன்று வாக்கியங்கள் சொன்னோம். 1980-க்குப் பிறகும் பெரியம்மை பரவி வருவதாக அந்த ஸ்தாபனம் அறிவித்தது என்பது முதலாவது. எல்லோரும் பொய் என்றார்கள், சரி. மாட்டம்மையை முதன் முதல் மனிதருக்குக் குத்தியவர் ஜென்னர் என்பது இரண்டாவது. எல்லோரும் 'உண்மை' என்றார்கள். அந்த நாலு வரியில் 'முதன் முதல்' என்ற வார்த்தை எங்கே இருக்கின்றது? பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொண்டுவந்து காகிதத்தில் இல்லாத இடத்தில் ஒட்டி விட்டார்கள். இத்தனைக்கும் அது சரியுமல்ல. ஜென்னருக்கு 22 வருஷத்துக்கு முன்பே, 1774-இல், டார்செட் என்ற ஜில்லாவிலிருந்த பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி தன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மாட்டம்மையைக் குத்தியிருக்கின்றான். குடியானவன் பெயர் பாடப் புத்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். நாமே பல மேடைகளில் ஜென்னர்தான் முதல்வர் என்று அடித்துப் பேசியிருக்கின்றோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாக்கியம், "பெரியம்மை ஒழிந்தது மாரியம்மன் அருளால்" என்பது. அந்தப் பெண்ணின் தகப்பனார் கொஞ்சம் யோசித்து 'உண்மை' என்றார். நமது கருப்புச் சட்டைத் தோழர் ஒருவர் மேஜையைத் தட்டி 'பொய்!' என்றார். இரண்டு பேருக்கும் மார்க்கு இல்லை. அந்த நாலு வரியில் மாரியம்மனைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆகையால் விடை 'சொல்லப்படவில்லை'. தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாரியம்மன் இல்லை என்பது உமக்குத் தெரியாதா?" என்றார். நமக்குத் தெரியும். ஆனால் கேட்டது அதுவல்லவே? இந்தக் காகிதம் என்ன சொல்லுகின்றது என்று கேட்டால், நம் மனதில் இருப்பதைச் சொல்லுவது விடையாகுமா? புராணத்தில் ஒரு வரிக்கு இல்லாத தத்துவார்த்தத்தையெல்லாம் ஏற்றிச் சொல்லுகிறவர்களைப் பார்த்து "அது எங்கே எழுதியிருக்கிறது?" என்று அன்றாடம் கேட்கிற நாம், அதே கேள்விக்கு நம் அளவில் பதில் சொல்லத் தயாராயிருக்க வேண்டாமா? எதிரி எழுதாததை எழுதியதாகச் சொல்லிக் கண்டிப்பதைவிட நமது பிரசாரத்திற்குக் கேடு வேறில்லை.

ஆகவே இந்தப் பெண்ணுக்கு வந்த கஷ்டம் இங்கிலீஷினால் மாத்திரம் வந்ததல்ல. 1951-இல் இந்தியாவில் 100-க்கு 18 பேருக்குத்தான் எழுத்து வாசனை இருந்தது; 2011-இல் அது 74 ஆயிற்று; நமது நாட்டிலே 80. எழுத்துக் கூட்டத் தெரிந்து விட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நமது பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பது பாராயணமே ஒழிய வாசிப்பு அல்ல. உபாத்தியாயர் சொன்ன விடையை அப்படியே ஒப்பிப்பவனுக்கு முதல் மார்க்கு. "இப்பாடத்தில் அது சொல்லப்படவில்லை, ஐயா" என்று எழுந்து சொன்ன பையனுக்கு என்ன கிடைத்திருக்கும்? பெஞ்சுமேல் ஏறி நிற்கும் சன்மானம்தானே!

இங்கிலீஷ் தெரிந்தவனெல்லாம் அறிவாளி என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் பஞ்சாங்கம் பார்த்து ராகுகாலம் கணக்கிடும் பட்டதாரிகளை நமக்குத் தெரியும். இந்தப் பரீட்சைக்கும் விசாவுக்கும் என்றே ஹைதராபாத்துக்குச் சமீபம் சில்கூர் என்னும் ஊரில் ஒரு பாலாஜி இருக்கின்றார். கோரிக்கைக்கு 11 சுற்று, பலித்தால் 108 சுற்று. ஒரு தடவை சுற்றுகிற நேரத்தில் ஒரு பத்தியையாவது வாசிக்கலாமே என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன முறையைக் கேட்கிறவர்களுக்காக எழுதுகின்றோம். முதல் இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பத்தியையும் வாசித்து, அது சொல்லுவது என்ன என்று தமிழில் ஒரே வரி எழுத வேண்டும். பத்திக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. தலைப்பிலுள்ள ஒரு வார்த்தை பத்தியிலும் இருக்கிறதென்று ஏமாந்து போவது நின்றுவிடும். பிறகு, எந்த விடை எழுதினாலும் அதற்கு ஆதாரமான வரியின் கீழ் கோடு போட வேண்டும். கோடு போட வரி அகப்படாவிட்டால் அதுதான் 'சொல்லப்படவில்லை'. எதிரான வரி அகப்பட்டால்தான் 'பொய்'. தப்பு வந்த இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து, எந்த வார்த்தை காலை வாரியது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில, எல்லா, மாத்திரம், அநேகமாக என்ற சின்ன வார்த்தைகளே அகப்படும். சிலர் என்று எழுதியிருப்பதை எல்லோரும் என்று வாசிப்பதுதான் நமது நாட்டுப் பழக்கம். ஒரு சாதியில் ஒருவன் திருடினால் சாதியே திருட்டுச் சாதியாவது இப்படித்தான். மூன்றாம் வாரத்திலிருந்து கடிகாரம். ஒரு கட்டுரைக்கு 20 நிமிஷம்.

மூன்று வாரமாக அவர் ராத்திரி வேலை முடிந்து வந்து காலையில் படிப்பகத்தில் உட்காருகின்றார். நோட்டில் முதல் வாரம் 17 தப்புகள் இருந்தன. சென்ற வாரம் 9. அடுத்த மாதம் மறுபடி பரீட்சை. தகப்பனாரும் கூடவே வந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தலைப்பில் சொன்னது செய்தியில் இருக்கின்றதா என்று பார்த்து நம்மிடம் சண்டைக்கு வருகின்றார். பிள்ளையாருக்கு நேர்ந்த வேண்டுதலை அவர் இன்னும் விடவில்லை. நாமும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பழைய பரீட்சைத் தாள்களடங்கிய புத்தகங்கள் வைத்திருக்கும் தோழர்கள் நமது படிப்பகத்துக்குக் கொடுத்து உதவக் கோருகின்றோம். பென்சிலால் விடை குறித்திருந்தால் தயவுசெய்து அழித்துவிட்டு அனுப்பவும்.