காலி பாக்கெட் எங்கே?

மக்களே, போன மாசம் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு நாள் ஒரு வேலை பார்த்தேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க போனில் ஒரு ஆப்பை ஏத்திவிடணும். போனுக்கு 20 ரூபாய். முதல் நாளே 43 பேர். "சூப்பர் குரோத்"னு மேலிடத்திலிருந்து ஒரே பாராட்டு!

அந்த 43 பேரில் எத்தனை பேர் பாலக்கோடு வர்றதுக்குள்ள அதை அழிச்சிருப்பாங்க? அதை யாரும் கேட்கலை. நானும்தான். 860 ரூபாயை வாங்கிட்டு வந்துட்டேன்.

டேவ் மெக்ளூர் என்ற அமெரிக்கர் 2007-லேயே வாடிக்கையாளரின் பயணத்தை 5 படியாப் பிரிச்சுட்டார். வர்றது, முதல் தடவையே பிடிச்சுப்போறது, திரும்ப வர்றது, நாலு பேருக்குச் சொல்றது, காசு கொடுக்கறது. ஒவ்வொண்ணையும் தனியா அளக்கணும். நம்ம ஆளுங்க முதல் படியிலேயே நின்னு பட்டாசு வெடிக்கறாங்க.

இதுக்கு அமெரிக்கா எதுக்கு, கடலூர் போதும். சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் ஆரம்பிச்சது சிக் ஷாம்பு. கிராமம் கிராமமாப் போய் பசங்க தலைக்குத் தேய்ச்சுக் காட்டினாங்க. அது அறிமுகம். அப்புறம் ஒரு திட்டம்: எந்தக் கம்பெனியோட காலி ஷாம்பு பாக்கெட்டா இருந்தாலும் சரி, 5 கொண்டுவந்தா ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழிச்சு, சிக் பாக்கெட்டா இருந்தாத்தான் இலவசம்னு மாத்தினாங்க.

கவனிச்சீங்களா? முதல் கேள்வி, "அடுத்தவன் கஸ்டமர் வர்றானா?" ரெண்டாவது, "வந்தவன் திரும்ப வாங்கறானா?" படி மாறினதும் அளவுகோலும் மாறிடுச்சு. மாச விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமாச்சுன்னு அவரே பேட்டியில் சொல்லியிருக்கார்.

"காலி பாக்கெட்டைக் குப்பையில் பொறுக்கியும் கொண்டுவரலாமே?"ன்னு கேட்பீங்க. தாராளமா. ஆனா யாரோ ஒருத்தர் கிழிச்சுத் தலைக்குப் போட்டாத்தானே அது குப்பைக்கு வரும்? கடையில் தொங்கற சரத்தை விற்பனைன்னு எழுதறதைவிட இது நேர்மையான கணக்கு. டிராய்கூட மொத்த செல்போன் இணைப்பு எத்தனை, அதில் உயிரோட இருக்கறது எத்தனைன்னு தனித்தனியாத்தான் வெளியிடுது.

நாளைக்கு நாமதான் கம்பெனிகளில் உட்கார்ந்து இந்த ரிப்போர்ட்டை எல்லாம் எழுதப்போறோம். 43 பேர்னு பெருமையா எழுதறதுக்கு முன்னாடி, அடுத்த வாரம் அதில் எத்தனை பேர் மிச்சம்னு பக்கத்திலேயே எழுதுவோம். எண்ணிக்கை சின்னதாத்தான் இருக்கும். பரவாயில்லை, உண்மையா இருக்கும்.

பி.கு: அந்த 860 ரூபாயைத் திருப்பிக் கொடுன்னு யாரும் வராதீங்க. செலவாயிடுச்சு :-)