பெயரிடும் உரிமை யாருடையது?

ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் வாழ்ந்தோர், இருந்த இடத்தை விட்டு அசையாமலே தம் மாவட்டத்தின் பெயர் மாறக் கண்டவர்கள். 2008-ஆம் ஆண்டில் கூலாய் தனி மாவட்டமானபோது அதற்குக் ‘கூலாய்ஜெயா’ என்னும் பெயர் சூட்டப்பெற்றது. வெற்றியைக் குறிக்கும் அந்த ஒட்டு ஊரின் பழமையை மறைத்துப் புதுமெருகு காட்டும் என்று எண்ணினர் போலும். பலகைகள் மாறின, முத்திரைகள் மாறின, கடிதத் தலைப்புகள் மாறின. 2015-ஆம் ஆண்டில் ஜொகூர் சுல்தானின் ஆணையால் ‘கூலாய்’ மீண்டது. பலகை எழுதுவோர்க்கு மறுபடியும் வேலை கிடைத்தது. ஓர் ஒட்டுச் சொல் ஏழாண்டுக் காலம் வந்து தங்கிப் போனதால் அவ்வூரில் ஒரு கிணறாவது கூடுதலாக ஊறியதுண்டா?

ஊர்ப்பெயரில் நிகழும் இத்தகைய வேடிக்கை, எழுதுவோர் கூட்டத்தின் பெயரில் நிகழும்போது வேடிக்கையாக முடிவதில்லை. செம்பனைத் தோட்டத்தால் அறியப்பட்டிருந்த செடெனாக்கில் இன்று ‘செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா’ எழுந்து நிற்கிறது. அங்கே தரவு மையங்கள் அமைந்துள்ளன. கதையும் கவிதையும் கட்டுரையுமாக இணையத்தில் உலகம் எழுதிக் குவிப்பனவெல்லாம் இத்தகைய கட்டடங்களிலேதான் எண்களாய் உருமாறிக் கிடக்கின்றன. கோடிக்கணக்கில் முதலிடுவோரே பழைய ஊர்ப்பெயரைத் தம் வாயிற்பலகையில் விடாது வைத்திருக்க, ஒரு காசும் பெறாமல் எழுதுகின்ற கூட்டங்களுக்கு மட்டும் பழம்பெயர் பாரமாகிவிடுகிறதாம்! “பெயர் பழையதாகிவிட்டது, இளைஞர் வருவதில்லை, புதுப்பெயரும் புதுச் சின்னமும் வேண்டும்” என்னும் குரல் தமிழ் அமைப்புகளிலும் கேட்கிறது. இக்குரலை எடைபோட, உலகின் மிகப் பெரிய எழுத்துக் கூட்டங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததைக் காண்பது தகும்.

விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு சனவரியில் தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதே ஆண்டில் இவற்றை நடத்துதற்கென அமெரிக்காவில் அமைந்த அறக்கட்டளைக்கு ‘விக்கிமீடியா’ என்று பெயர். கலைக்களஞ்சியம் மட்டுமன்று, விக்சனரி என்னும் அகரமுதலி, விக்கிமூலம் என்னும் நூலகம், விக்கிமேற்கோள், விக்கிநூல்கள் எனப் பல திட்டங்கள் அக்குடையின் கீழ் உள்ளன. இவற்றில் எழுதுவோர் ஊதியம் பெறாத தொண்டர். ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றோர், எழுத்தர் எனப் பல திறத்தார் இரவில் விழித்திருந்து எழுதிச் சேர்த்த செல்வம் அது.

‘விக்கிமீடியா’ என்றால் மக்களுக்குத் தெரியவில்லை, ‘விக்கிப்பீடியா’ என்றால் எவர்க்கும் தெரிகிறது. ஆகவே அறக்கட்டளையின் பெயரிலேயே ‘விக்கிப்பீடியா’ இடம்பெறட்டும் என்று 2019-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. வணிகச் சின்னங்களை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுரையிலிருந்து அது பிறந்தது. கருத்தில் நியாயமே இல்லை எனல் ஆகாது. அறியப்படாத பெயரை வைத்துக்கொண்டு நன்கொடை திரட்டுவது கடினந்தான். ஆனால் அகரமுதலிக்குச் சொல் சேர்த்தவனும், பழநூலை எழுத்தெழுத்தாய்ப் பெயர்த்துப் பதிந்தவளும் ஒரே நாளில் ‘கலைக்களஞ்சியத்தார்’ ஆகிவிட வேண்டும் என்பது அதன் பொருள். சில நாட்டு அரசுகள் விக்கிப்பீடியாவைத் தடைசெய்தும் இருந்தன; துருக்கியில் 2017 முதல் 2020 தொடக்கம் வரை அத்தடை நீடித்தது. அத்தகைய நாட்டில் கிளை அமைப்பு நடத்துவோர் எப்பெயரைத் தாங்கி நிற்பது என்பது அவர்கள் தலைக்கு வரும் கேள்வி. விளம்பரக்காரர் தலைக்கு வரும் கேள்வியன்று.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஆகுபெயர் நினைவுக்கு வரும். சினையின் பெயரை முதலுக்கு வழங்குவது சினையாகுபெயர். ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்றால் தலை ஆளைக் குறிக்கும். கலைக்களஞ்சியம் என்னும் சினையின் பெயரை முழு நிறுவனத்திற்கும் சூட்டப் புகுந்ததும் இவ்வகையினதே. ஆனால் ஆகுபெயர் தொன்றுதொட்டு வழங்கிவரும் முறையால் அமைவது என்பதன்றோ நன்னூலார் வகுத்த இலக்கணம்? வழங்குவோர் நாவில் வளர்ந்து நிலைப்பது அது. குழு கூடித் தீர்மானித்து, நாள் குறித்து, நாளை முதல் தலை என்றால் ஆள் என்று ஆணையிடுவதால் ஆகுபெயர் உண்டாவதில்லை.

அத்திட்டத்தை எத்தனை பேர் எதிர்த்தனர் என்பதற்கு அறக்கட்டளை காட்டிய கணக்கு இலக்கணத்தைவிடச் சுவையானது. செய்தி ஏறத்தாழ 9,000 பேரை எட்டியதாகவும், அவர்களுள் எதிர்த்தோர் 0.6 விழுக்காட்டினரே எனவும் கூறினர். வாய் திறவாதோர் எல்லாரும் எதிர்க்காதோர் பட்டியலில் ஏறிவிட்டனர்! வகுப்பில் பாடம் விளங்காத பிள்ளைகள் பேசாதிருந்தால் அனைவர்க்கும் விளங்கிவிட்டது என்று எழுதிவைக்கும் ஆசிரியரை எவரேனும் ஆசிரியர் என்பரா? 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதுவோரே தம்முள் கருத்துக் கேட்டபோது ‘வேண்டாம்’ என்றோரே மிகப் பெரும்பான்மையராயினர். அப்படியிருந்தும் அவ்வாண்டு சூன் மாதத்தில் அறக்கட்டளை கருத்துப் படிவமொன்றை வெளியிட்டது. அதில் இருந்த தெரிவுகள் யாவும் ‘விக்கிப்பீடியா’வைத் தாங்கிய பெயர்களே. ‘இருக்கும் பெயரே இருக்கட்டும்’ என்று குறியிட அதில் கட்டம் இல்லை.

அந்தக் கட்டம் இல்லாமையே குற்றம். நல்ல பெயரா, கெட்ட பெயரா என்பது பின்னர் வரும் வழக்கு. கிளை அமைப்புகள் பலவும் தனி எழுத்தாளர் நூற்றுக்கணக்கானோரும் திறந்த மடலொன்றில் கையொப்பமிட்டனர். பெயர்மாற்றப் பணியை நிறுத்தி வைக்கும்படி அம்மடல் கேட்டது. அறங்காவலர் குழு அவ்வாறே நிறுத்தி வைத்தது. இன்றும் அது ‘விக்கிமீடியா’வாகவே விளங்குகிறது.

அப்படியானால் பெயரை மாற்றவே கூடாதோ என்று வினவுவோர் உளர். 1975-ஆம் ஆண்டில் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 2008-இல் தன் பெயரில் ‘கலைஞர்கள்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. எழுதுவோர் மட்டுமன்றிப் பாடுவோரும் நாடகம் நடிப்போரும் அதனுள் இருந்தனர். உள்ளே இருந்தவர்க்குப் பெயரில் இடம் கிடைத்தது. பழைய பெயரின் ஒரு சொல்லும் வெளியேற்றப்படவில்லை. மலாயாவிலோ, கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வாயிலாக வளர்த்த மாணவர் மணிமன்றம் எண்ணற்ற பிள்ளைகளை எழுத வைத்தது. ‘மணிமன்றம்’ என்னும் சொல் பிற்காலத்தே இளைஞர் இயக்கத்தின் பெயரிலும் தொடர்ந்தது. பெயர் அடியோடு அழியவில்லை; ஆளோடு வளர்ந்தது. இவ்வகை மாற்றத்தை எவரும் பழிக்கார்.

பழிக்கத்தக்கது வேறு. 2023-ஆம் ஆண்டு சூலையில் ‘டுவிட்டர்’ என்னும் தளத்தின் உரிமையாளர் ஒருவர் தம் விருப்பப்படி அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவர் பொருள், அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆயினும் பறவையின் ஒலியைக் கொண்டு ‘கீச்சு’ என்று தமிழர் ஆக்கிக்கொண்ட அழகிய சொல் காரணம் இழந்து நிற்கிறது. காரணப்பெயராய்ப் பிறந்த சொல்லை ஒரே இரவில் இடுகுறியாக்கிவிட்டார் அச்செல்வர். இனி வரும் மாணவனுக்குக் கீச்சு ஏன் கீச்சு என்று விளக்க ஆசிரியர் ஓர் இறந்த பறவையிலிருந்து தொடங்க வேண்டும்.

வணிகர்க்குப் பெயர் சரக்கின் உறை. எழுத்துக் கூட்டத்துக்கோ அது முகவரி. பழைய பெயரில் வெளிவந்த கதையைத் தேடிச் செல்லும் வாசகனுக்கு, தளப்பெயர் மாறிய மறுநாள் வெற்றுத் திரை வாய்த்தால், எழுதியவரின் உழைப்பு தரவு மையத்தின் ஏதோ ஒரு தட்டில் இருந்தும் இல்லாததே. ஆகவே பெயர் மாற்றப் புறப்படும் தமிழ் அமைப்பினரிடம் உறுப்பினர் கேட்க வேண்டுவன சிலவே. வாக்குச் சீட்டில் ‘மாற்ற வேண்டாம்’ என்பதற்கு இடம் உண்டா? வாக்களிப்போர் எழுதியவர்களா, பொறுப்பில் இருப்பவர்கள் மட்டுமா? பழைய பெயரில் பதிவான தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணத்தை யார், எத்தனை ஆண்டு செலுத்தப் போகிறார்? மூன்றாவது கேள்விக்கு விடை கூறத் தயங்குவோர், புதுச் சின்னம் வரைபவர்க்குக் கொடுக்க மட்டும் பணம் ஒதுக்கியிருப்பர். கணக்கேட்டைப் புரட்டிக் காட்டச் சொல்லலாம்.